ரிம் அகலம், டயர் அகலம், ட்யூப் அகலம்: பின்சக்கரத்தில் ஒரே வாரத்தில் மூன்று பஞ்சர்

கடலோரச் சக்கரம் (டர்பன்) – ஞாயிறு, இரவு 8:40

எல்லோருக்கும் வணக்கம். அக்டோபரில் அமாஷோவா சைக்கிள் பந்தயம் ஓட்ட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. அதற்காக இரண்டு மாதத்துக்கு முன் பழைய ரோடு பைக் ஒன்றை வாங்கினேன். அலுமினியம் ஃப்ரேம், ரிம் பிரேக். இரண்டு சக்கரத்திலும் 700×23 டயர் இருந்தது, நன்றாகத் தேய்ந்துபோயிருந்தது. இப்போது எல்லோரும் 28 மில்லிமீட்டர் அகல டயர் போடுகிறார்கள் என்று கூட ஓட்டும் நண்பர் சொன்னார். நானும் 28 டயர் இரண்டு வாங்கினேன். ட்யூப் பற்றி யோசிக்கவே இல்லை, கடையில் எடுத்துக் கொடுத்ததை வாங்கி வந்துவிட்டேன். வீட்டில் பெட்டியைப் பார்த்தால் 700×18/25 என்று இருக்கிறது. திரும்பப் போய்க் கேட்டதற்கு "ரப்பர்தானே, விரிந்து கொடுக்கும்" என்றார்கள்.

மாட்டிய ஒரு வாரத்தில் பின்சக்கரம் மூன்று தடவை இறங்கிவிட்டது. முன்சக்கரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது தடவை உம்லாங்கா தாண்டி, எம்4 ஓரத்தில், விடிந்தும் விடியாத நேரம். கையில் இருந்த மாற்று ட்யூபும் அதற்கு முன்பே போயிருந்தது. மனைவியை எழுப்பிக் கார் கொண்டுவரச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. டயரைக் கையால் தடவிப் பார்த்தேன், கண்ணாடியோ முள்ளோ எதுவும் இல்லை.

என் ரிம்முக்கு 28 டயர் சரியா? ட்யூப் சிறியதாக இருப்பதுதான் காரணமா? ரிம்மில் எந்த அளவைப் பார்க்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஹைவெல்ட் மிதி (ஜோகன்னஸ்பர்க்) – ஞாயிறு, இரவு 9:15

ட்யூப்தான் காரணம் என்று நினைக்கிறேன். 25 வரைக்கும் என்று போட்ட ட்யூபை 28 டயருக்குள் வைத்தால் சுவர் மெலிந்துவிடும். 25/32 என்று எழுதியதை வாங்குங்கள்.

அப்புறம் டயரைக் கையால் மட்டும் தடவினால் போதாது. இங்கே எங்களுக்குப் பெரிய எதிரி டுவல்கி முள். அது வேறொன்றும் இல்லை, நம் ஊர் நெருஞ்சி முள்தான், அதே செடி. சின்ன வயதில் திருச்சிப் பக்கம் செருப்பில் குத்தி எடுத்த முள்ளை இங்கே டயரிலிருந்து எடுக்கும்போது எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிடும். நுனி உடைந்து ரப்பருக்குள் இருந்தால் கைக்குத் தெரியாது. டயரை உள்பக்கம் வெளியே வருமாறு வளைத்து, வெளிச்சத்தில் பாருங்கள்.

பழைய ஸ்போக்கு (சாட்ஸ்வொர்த்) – ஞாயிறு, இரவு 10:02

தம்பி, ட்யூபைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். என்ன நடந்தது என்று அதுதான் சொல்லும். மூன்றிலும் ஓட்டை எந்த இடத்தில் என்று பார்த்துச் சொல்லுங்கள். தரையைப் பார்த்த பக்கமா, ரிம்மைப் பார்த்த பக்கமா, பக்கவாட்டிலா, வால்வு அடியிலா? பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறல் என்றால் பாம்பு கடித்த மாதிரி இருக்கும். அது காற்று குறைவாக இருந்து, பள்ளத்தில் ரிம்முக்கும் தரைக்கும் நடுவில் ட்யூப் நசுங்கியது. தரைப் பக்கம் என்றால் முள், கண்ணாடி. ரிம் பக்கம் என்றால் டயரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

மூன்று மில்லிமீட்டர் சிறிய ட்யூப் ஒரு வாரத்தில் மூன்று தடவை போகாது. அது நல்ல பழக்கம் இல்லைதான். ஆனால் அது மட்டும் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை.

அளவைப் பற்றிக் கேட்டீர்கள். 700 என்பதை மறந்துவிடுங்கள். அது பழைய பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர், அந்த டயரில் எதை அளந்தாலும் இன்று சரியாக 700 வராது. டயரின் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் 28-622 என்று இருக்கும். முன்னால் இருப்பது அகலம். பின்னால் இருப்பது, டயர் ஓரம் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம், மில்லிமீட்டரில். இந்த இரண்டாவது எண் ரிம்மோடு அப்படியே பொருந்த வேண்டும். அதில் 'கிட்டத்தட்ட' என்ற பேச்சே இல்லை.

என் அப்பா சிட்னி ரோட்டில் இருந்த டன்லப் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அவர் எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம் இது. 27 அங்குல டயர் என்று பழைய ரேஸ் சைக்கிள்களில் இருக்கும், அதன் எண் 630. 700சி என்பது 622. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. எட்டு மில்லிமீட்டர் விட்டம் கூடுதலான டயரை 622 ரிம்மில் போட்டுக் காற்றடித்தால் ஓரம் நழுவி ட்யூப் வெடிக்கும். அந்தக் காலத்துக் கறுப்பு சைக்கிளில் 28×1½ என்று இருக்கும், அது 635. இன்றைக்கு 700சி டயரையும் சில கம்பெனிகள் 28 அங்குலம் என்றே எழுதுகின்றன. 29 அங்குல மலை சைக்கிள் டயரும் அதே 622தான். பெயரை நம்பினால் குழப்பம்தான் மிஞ்சும்.

சரி, உங்களுக்கு 622 பொருந்திவிட்டது, டயர் உட்கார்ந்துவிட்டது. இனிப் பார்க்க வேண்டியது ரிம்மின் உட்புற அகலம். டயரைக் கழற்றிவிட்டு, ரிம்மின் இரண்டு ஓரச் சுவருக்கும் நடுவில் உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். வெளியே பிரேக் பிடிக்கிற இடத்தை அளந்துவிட்டு அகலம் 22 என்று சொல்பவர்கள் நிறைய. அந்த எண் டயருக்குப் பயன்படாது. ஓரத்தில் உள்பக்கமாகச் சின்னக் கொக்கி மடிந்திருந்தால், அந்த மடிப்புக்கும் மடிப்புக்கும் நடுவில் அளங்கள். வெர்னியர் (மில்லிமீட்டரின் பின்னம் வரை அளக்கும் கருவி) இருந்தால் நல்லது. இரண்டு சக்கரத்தையும் தனித்தனியாக அளங்கள்.

கடலோரச் சக்கரம் – ஞாயிறு, இரவு 10:20

நன்றி ஐயா. மூன்று ட்யூபும் கராஜில்தான் கிடக்கின்றன. நாளை சாயந்திரம் வேலை முடிந்து வந்ததும் பார்த்துச் சொல்கிறேன். இரண்டு ரிம்மும் ஒன்றுதானே, தனித்தனியாக எதற்கு?

பழைய ஸ்போக்கு – ஞாயிறு, இரவு 10:24

பழைய வண்டி என்றீர்களே. அதனால்தான்.

ஹைவெல்ட் மிதி – திங்கள், காலை 6:50

ஐயா சொல்வது சரி, நான் அவசரப்பட்டுவிட்டேன். உட்புற அகலம் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

பழைய ரோடு ரிம்கள் 13, 15 என்று இருந்தன. அதற்குப் பின் 17, 19 வந்தன. இப்போது 21, 23, 25 வரை போய்விட்டது. ரிம் அகலமாக ஆக, அதே டயர் அகலமாக உட்காரும். ரிம் ஒரு மில்லிமீட்டர் கூடினால் டயர் ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர் கூடும். டயரில் எழுதியிருக்கும் 28 என்பது ஒரு குறிப்பிட்ட ரிம்மில் வைத்து அளந்த எண். உங்கள் ரிம்மிலும் அது 28 வரும் என்று அர்த்தமில்லை.

எந்த ரிம்முக்கு எது என்று கேட்டால், பொதுவாகப் புழங்கும் கணக்கு இதுதான். 13க்கு 18 முதல் 25 வரை. 15க்கு 23 முதல் 32 வரை. 17க்கு 25இல் தொடங்கலாம். 19க்குப் பழைய அட்டவணைகள் 28இல்தான் தொடங்கும், புதியவற்றில் 25க்கும் இடம் உண்டு. கடைசியில் உங்கள் டயர் கம்பெனியும் ரிம் கம்பெனியும் என்ன சொல்கின்றன என்று பார்த்துவிடுங்கள். இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

எல்லை மீறினால் என்ன ஆகும்? குறுகிய ரிம்மில் பெரிய டயர் போட்டால், கழுத்து ஒடுங்கி மேலே உப்பிய பல்பு மாதிரி நிற்கும். நேராகப் போகும்வரை தெரியாது. வளைவில் சாய்த்தால் டயர் பக்கவாட்டில் நெளியும், சக்கரம் நமக்குக் கட்டுப்படாத மாதிரி இருக்கும். அகல ரிம்மில் சின்ன டயர் போட்டால் மேல்பகுதி தட்டையாகிவிடும், ரிம் ஓரம் டயரைத் தாண்டி வெளியே நிற்கும். பள்ளத்தில் விழுந்தால் அடி ரிம்முக்கு. இரண்டில் நான் அதிகம் பயப்படுவது இரண்டாவதைத்தான்.

கடலோரச் சக்கரம் – திங்கள், இரவு 7:55

அளந்துவிட்டேன். ஐயா, நீங்கள் சந்தேகப்பட்டது சரி. இரண்டு ரிம்மும் வேறு வேறு!

முன் ரிம்மில் ஸ்டிக்கர் பாதி கிழிந்திருக்கிறது, 622×15 என்று படிக்க முடிகிறது. வெர்னியரில் 15.1 வந்தது. பின் ரிம்மில் ஸ்டிக்கரே இல்லை. அளந்தால் 19.2. நிறம் இரண்டும் கறுப்பாக இருந்ததால் நான் கவனிக்கவே இல்லை. ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) மட்டும் இரண்டும் ஒரே ஜோடி. முன்பு வைத்திருந்தவர் பின் ரிம் உடைந்து, பழைய ஹப்பிலேயே வேறு ரிம் கட்டியிருக்க வேண்டும்.

காற்றடித்து டயரை அளந்தேன். முன்னால் 26.5, பின்னால் 28.3. ஒரே பெட்டியில் வந்த ஜோடி டயர்! ஹைவெல்ட் அண்ணா சொன்ன கணக்கு அப்படியே வருகிறது.

இனி ஓட்டைகள். முதல் இரண்டு ட்யூபிலும் ஓட்டை ரிம்மைப் பார்த்த பக்கம். வட்டமாகக் கொஞ்சம் வீங்கின தடம், அதன் ஓரத்தில் சின்னக் கீறல். மூன்றாவது வால்வு அடியிலேயே கிழிந்திருக்கிறது. ரிம்முக்குள் துணி டேப் ஒட்டியிருக்கிறது, அகலம் 13 மில்லிமீட்டர். மூன்று நான்கு இடத்தில் அது ஒரு பக்கமாக நகர்ந்து, ஸ்போக் ஓட்டையின் விளிம்பு பிறை மாதிரி தெரிகிறது.

பழைய ஸ்போக்கு – திங்கள், இரவு 8:31

அப்படிச் சொல்லுங்கள். இப்போது விஷயம் வெளியே வந்துவிட்டது.

அந்த டேப் முன்பிருந்த குறுகிய ரிம்முக்கு வாங்கியது. ரிம்மை மாற்றியவர் மிச்சமிருந்த அதே டேப்பைப் புது ரிம்மில் ஒட்டிவிட்டார். அகல ரிம்மில் அதற்குப் பிடிமானம் இல்லை, நகர்ந்துவிடுகிறது. 80, 90 பிஎஸ்ஐ அழுத்தத்தில் காற்று ட்யூபை எல்லாப் பக்கமும் தள்ளுகிறது. எங்கே தாங்கல் இல்லையோ அங்கே ட்யூப் பிதுங்கும். ஸ்போக் ஓட்டைக்குள் கொப்புளம் மாதிரி இறங்கி, அதன் கூர் விளிம்பில் அறுபடும். நீங்கள் சொன்ன வட்ட வீக்கம் அதுதான். பழைய 23 டயர் இருந்தபோது டேப் ஒழுங்காக இருந்திருக்கும். புது டயர் மாட்டும்போது நெம்புகோல் பட்டு நகர்ந்திருக்கலாம்.

புது டேப் வாங்குங்கள். உட்புற அகலம் 19 என்றால் 17 அல்லது 18 மில்லிமீட்டர் டேப் போதும். ஸ்போக் ஓட்டைகள் முழுக்க மூட வேண்டும், ஆனால் டயர் ஓரம் உட்காரும் மேட்டில் ஏறக் கூடாது. ஏறினால் டயர் ஒரு பக்கம் சரியாக உட்காராது. பழையதை உரித்து, பசையைத் துடைத்து, காய்ந்த பிறகு இழுத்துப் பிடித்து ஒட்டுங்கள். வால்வு ஓட்டைக்குப் பக்கத்தில் ஆரம்பியுங்கள்.

இனி மூன்றாவது ட்யூப். பின் ரிம்மில் வால்வு ஆடுகிறதா? ரிம் ஓட்டையின் விட்டத்தை அளந்து பாருங்கள். ரோடு பைக்கின் மெல்லிய பிரெஸ்டா வால்வுக்கு 6.5 மில்லிமீட்டர் ஓட்டை. கார் மாதிரி இருக்கும் ஷ்ரேடர் வால்வுக்கு 8.5. உங்கள் பின் ரிம் ஏதோ ஊர் சுற்றும் சைக்கிளுக்காகச் செய்தது என்று எனக்குப் படுகிறது. பெரிய ஓட்டையில் மெல்லிய வால்வைப் போட்டால், சுற்றி இருக்கும் இடைவெளியில் ட்யூப் பிதுங்கி, வால்வின் அடி அறுந்துவிடும். ட்யூபும் சின்னது என்பதால் ரப்பர் ஏற்கனவே இழுபட்டு நின்றிருக்கும். இங்கேதான் கடைக்காரர் கொடுத்த ட்யூபுக்கும் பங்கு உண்டு.

கடலோரச் சக்கரம் – திங்கள், இரவு 8:50

ஆடுகிறது ஐயா. அளந்தேன், 8.5. என்ன செய்வது? ரிம்மை மாற்ற வேண்டுமா?

பழைய ஸ்போக்கு – திங்கள், இரவு 8:58

வேண்டவே வேண்டாம். அந்த ஓட்டைக்குள் வைக்க ஒரு சின்ன வளையம் கிடைக்கும், ரப்பரிலோ உலோகத்திலோ. பெரிய ஓட்டையை 6.5 ஆக்கிவிடும். சில்லறை விலை. வால்வு மேல் இருக்கும் மரையைக் கையால் மட்டும் இறுக்குங்கள், பிளையர் வேண்டாம்.

பீனிக்ஸ் காற்று (டர்பன்) – திங்கள், இரவு 9:40

இவ்வளவு கஷ்டம் எதற்கு? பழையபடி 23 டயர் போட்டு 120 பிஎஸ்ஐ அடித்துவிடுங்கள். நான் பதினைந்து வருடமாக அப்படித்தான் ஓட்டுகிறேன். 18/25 ட்யூபை ஒரு தடவை 32 டயரிலும் போட்டேன், ஒரு மாதம் ஓடியது. அகல டயர் கனம், மெதுவாகப் போகும். ஃபீல்ட்ஸ் ஹில்லில் இறங்கும்போது 23 கத்தி மாதிரி போகும்.

ஹைவெல்ட் மிதி – செவ்வாய், காலை 6:35

அண்ணா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் இதில் எனக்கு வேறு கருத்து உண்டு, காரணத்தோடு சொல்கிறேன்.

சக்கரம் உருளும்போது சக்தி இரண்டு வழியில் போகிறது. ஒன்று, டயர் தரையில் நசுங்கி நிமிர்வதில். அழுத்தம் கூடினால் அது குறையும், அதனால்தான் 120 வேகம் என்று நமக்குத் தோன்றுகிறது. இன்னொன்று, சொரசொரப்பான சாலையில் வண்டியும் நம் உடம்பும் குலுங்குவதில். அழுத்தம் ஓர் அளவைத் தாண்டினால் டயர் கல்லை விழுங்காது, வண்டியையே தூக்கிப் போடும். வழவழப்பான மரத்தளத்தில் 120 நன்றாக இருக்கும். எங்கள் ஊர் க்ரேடில் பக்கம் ஜல்லி எழும்பி நிற்கும் தாரில் அது கை மரத்துப்போக வைக்கும், வேகமும் வராது. டூர் டி பிரான்ஸிலேயே இன்று பெரும்பாலும் 28க்குக் குறையாமல் ஓட்டுகிறார்கள். முன்பு அவர்களும் 23தான்.

இன்னொரு கணக்கும் பாருங்கள். டயரின் துணியில் விழும் இழுவிசை, அழுத்தத்தையும் அகலத்தையும் பெருக்கினால் வருவதைப் பொறுத்தது. 23 × 110 = 2530. 28 × 90 = 2520. இரண்டும் ஏறக்குறைய ஒன்று! அதாவது 28 டயரை 90இல் வைத்தால், கட்டை விரலால் அழுத்தும்போது 23ஐ 110இல் வைத்த மாதிரியே கெட்டியாகத் தெரியும். அதே காரணத்தால், அகல டயரில் பழைய பழக்கத்துக்கு 110 அடித்தால் ரிம் ஓரத்தில் விழும் சுமை கூடிவிடும். டயரில் அதிகபட்சம் என்று எழுதியிருப்பதை யாரும் தாண்டாதீர்கள்.

ட்யூப் விரியும் என்பது உண்மை. அவசரத்துக்கு 18/25ஐ 32இல் போட்டு வீடு வந்து சேரலாம், நானும் செய்வேன். ஆனால் 25இலிருந்து 32க்கு விரிந்தால் சுவர் கால்வாசி மெலிந்துவிடும். சாதாரண ட்யூபின் சுவரே ஒரு மில்லிமீட்டருக்குக் குறைவு. காற்று சீக்கிரம் இறங்கும், ஒட்டுப் போட்டால் ஓரம் பிரியும். தலைகீழாகவும் செய்யக் கூடாது: 35/43 ட்யூபை 25 டயருக்குள் திணித்தால் மடிப்பு விழும், அந்த மடிப்பு டயர் ஓரத்துக்கு அடியில் மாட்டும். மாட்டிக்கொண்டால் காற்றடிக்கும்போதே டயர் வெளியே தூக்கி வெடிக்கும். அந்தச் சத்தம் ஒருமுறை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள்.

பீனிக்ஸ் காற்று – செவ்வாய், காலை 7:10

பெருக்கல் கணக்கு நான் யோசித்ததில்லை. அடுத்த ஜோடி 25 வாங்கி, 95 வைத்துப் பார்க்கிறேன். ஓட்டிவிட்டுத்தான் சொல்வேன்.

மேசைமலை (கேப் டவுன்) – செவ்வாய், மதியம் 1:05

தாமதமாக வருகிறேன். இந்த இழையைப் படித்துவிட்டு யாராவது புதுச் சக்கரம் வாங்கப் போகலாம், அவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும்.

மேலே எழுதியதெல்லாம் கொக்கி உள்ள ரிம்முக்கு. இப்போது வரும் கார்பன் ரிம்களில் பலவற்றில் அந்தக் கொக்கி இல்லை, ஓரச் சுவர் நேராக நிற்கும். என்னிடம் இருப்பது அப்படி ஒன்று, உட்புற அகலம் 23. அதில் எந்த டயரும் போட முடியாது. 'கொக்கியில்லா ரிம்முக்கு ஏற்றது' என்று டயர் கம்பெனி சொல்லியிருக்க வேண்டும். அழுத்தம் 5 பார், அதாவது 72.5 பிஎஸ்ஐ, அதற்கு மேல் போகவே கூடாது. உள்ளே ட்யூப் போட்டாலும் இதே கட்டுப்பாடுதான். ட்யூப் இருக்கிறதே என்று 100 அடித்துவிடாதீர்கள்.

அகலக் கணக்கும் இதில் கடுமை. 23 உட்புறத்துக்குக் குறைந்தது 28 டயர், 25 உட்புறத்துக்குக் குறைந்தது 29. 2024 பிப்ரவரியில் யுஏஇ டூர் பந்தயத்தில் பெல்ஜிய வீரர் தாமஸ் டி கெண்ட் விழுந்தார். டயர் ரிம்மைவிட்டுக் கழன்று தொங்கிய காட்சியைப் பார்த்திருப்பீர்கள். அவர் ஓட்டியது 25 உட்புறக் கொக்கியில்லா ரிம்மில் 28 டயர். ஒரு மில்லிமீட்டர்தானே என்று நாம் நினைக்கும் இடம் அது. நான் அன்றைக்கே போய் என் ரிம்மை அளந்தேன்.

வால்வு நீளத்தையும் யாரும் சொல்லவில்லை. தட்டை ரிம்முக்கு 40 மில்லிமீட்டர் வால்வு போதும். 50 மில்லிமீட்டர் ஆழ ரிம்முக்கு 80 வேண்டும், 60 வாங்கினால் பம்ப் தலை பிடிக்க இடம் போதாமல் போகலாம். இங்கே தென்கிழக்குக் காற்று வீசும் மாதங்களில் ஆழ ரிம் வேண்டுமா என்பதும் தனிக் கேள்வி. 2017 கேப் டவுன் சைக்கிள் டூர் பந்தயத்தையே காற்றின் வேகத்தால் நிறுத்தினார்கள். அந்த 109 கிலோமீட்டருக்காக ஒரு வருடம் தயாரான பிறகு திரும்பி வந்த வலி எனக்கு இன்னும் இருக்கிறது.

கடலோரச் சக்கரம் – செவ்வாய், மாலை 6:30

அக்கா, நன்றி. என்னுடையதில் இரண்டு ரிம்மிலும் கொக்கி இருக்கிறது, இப்போதுதான் விரலை விட்டுப் பார்த்தேன்.

டேப் 18, வால்வு வளையம் இரண்டும் வாங்கிவிட்டேன். இன்னொரு சந்தேகம். பின்னால் 28.3 டயருக்கும் ஃப்ரேமுக்கும் நடுவில் பெடல் பக்கத்துக் குழாயில் ஒரு பக்கம் இரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கிறது. பிரேக்குக்கு அடியிலும் நெருக்கம். இது போதுமா? என் எடை 78 கிலோ.

பழைய ஸ்போக்கு – செவ்வாய், இரவு 7:48

போதாது. ஒரு ஸ்போக் தளர்ந்து சக்கரம் கொஞ்சம் கோணினாலே டயர் ஃப்ரேமைத் தேய்க்கும். ஈரத்தில் ஒட்டிய சின்னக் கல் ஒன்று சுற்றி வந்தால் பெயிண்ட்டை அறுத்து அலுமினியத்துக்கே போய்விடும். ஒவ்வொரு பக்கமும் நான்கு மில்லிமீட்டர் விடுங்கள் என்பேன், மூன்றுக்குக் கீழே வேண்டாம். உங்களுடையது மாதிரி பழைய ரிம் பிரேக் வண்டிகளை 25க்கு மேல் நினைத்துச் செய்யவில்லை.

உங்கள் ரிம்கள் இரண்டும் வேறாக இருப்பதே இப்போது உதவும். முன்னால் 15 ரிம்மில் இருக்கும் 28 டயரை அப்படியே விடுங்கள், அது உண்மையில் 26.5. பின்னால் 19 ரிம்மில் 25 டயர் போடுங்கள். கம்பெனி அட்டவணை 19 ரிம்முக்கு 25ஐ ஏற்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள். ஏற்றால் அது ஏறக்குறைய 25.5 வரும். பெயருக்கு முன்னால் 28, பின்னால் 25. சாலையில் இரண்டும் ஒரே டயர் மாதிரிதான். பார்ப்பவர்கள் தப்பு என்பார்கள், கவலைப்படாதீர்கள், நீங்கள் அளந்திருக்கிறீர்கள்.

ட்யூப் 18/28 என்று எழுதியது கிடைக்கும். அதுவே இரண்டுக்கும் சரி, மாற்று ட்யூபும் ஒரே வகை போதும். காற்று பின்னால் 88, முன்னால் 82இல் ஆரம்பியுங்கள். ஓட்டிப் பார்த்து இரண்டிரண்டாகக் குறைக்கலாம்.

மாட்டும் முறையும் முக்கியம். ட்யூபுக்கு வடிவம் வரும் அளவு கொஞ்சம் காற்று ஊதிவிட்டு உள்ளே வையுங்கள். டயரை வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி வால்வில் முடியுங்கள். முடிக்கும்போது, ஏற்கனவே உட்கார்ந்த ஓரத்தை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் தள்ளிக்கொண்டே வந்தால் தளர்வு கிடைக்கும், நெம்புகோலே வேண்டியிருக்காது. கடைசியில் வால்வை ஒருமுறை உள்ளே தள்ளி வெளியே இழுங்கள். டயரை இரண்டு பக்கமும் விலக்கி ட்யூப் எங்கும் எட்டிப் பார்க்கிறதா என்று ஒரு சுற்றுப் பாருங்கள். அதற்கு அப்புறம்தான் பம்ப்.

கரும்புக்காட்டுப் பாதை (டொங்காட்) – செவ்வாய், இரவு 9:20

நடுவில் ஒன்று கேட்கலாமா? டிபியு (ஒரு வகை மெல்லிய பிளாஸ்டிக்) ட்யூப் பற்றி யாரும் சொல்லவில்லை. சின்னதாக மடித்து வைக்கலாம் என்கிறார்கள். இதே அகலக் கணக்குதானா?

மேசைமலை – செவ்வாய், இரவு 9:45

கணக்கு அதேதான், ஆனால் இன்னும் கறாராகப் பாருங்கள். சாதாரண ட்யூபின் பியூட்டைல் ரப்பர் விரிந்தாலும் பழைய அளவுக்குத் திரும்பும். டிபியு ஒருமுறை விரிந்தால் பெரும்பாலும் அப்படியே நின்றுவிடும். டயருக்கு வெளியே வைத்து நிறைய ஊதிவிடாதீர்கள். எடை சாதாரண ட்யூபில் மூன்றில் ஒரு பங்குதான், அவசரத்துக்குப் பையில் வைக்க அருமை. ரிம் பிரேக் வண்டி என்றால் பெட்டியில் அதற்கு ஏற்றது என்று போட்டிருக்கிறதா பாருங்கள். நீண்ட இறக்கத்தில் பிரேக் பிடித்தால் ரிம் சூடாகும், சில டிபியு அந்தச் சூட்டைத் தாங்காது. லேட்டக்ஸ் ரப்பர் ட்யூப் நன்றாக உருளும், ஆனால் ராத்திரிக்குள் காற்று இறங்கிவிடும், தினமும் அடிக்க வேண்டும்.

கடலோரச் சக்கரம் – அடுத்த ஞாயிறு, காலை 11:25

இப்போதுதான் வந்து இறங்கினேன், உடனே எழுதுகிறேன்.

புதன்கிழமை டேப் மாற்றினேன். பழையதை உரித்தபோது அதன் அடியில் இன்னொரு டேப், நைந்துபோய்த் தூளாகக் கிடந்தது. வால்வு வளையம் கச்சிதமாக உட்கார்ந்தது, இப்போது ஆட்டமே இல்லை. கம்பெனி அட்டவணையில் 19க்கு 25 இருந்தது, பின்னால் அதைப் போட்டேன். அளந்தால் 25.6. இரண்டு பக்கமும் மூன்றரை மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது. நெம்புகோல் இல்லாமல் கையாலேயே டயர் ஏறியது. நடுப்பள்ளத்துக்குள் தள்ளும் அந்த ஒரு விஷயம் இத்தனை நாள் எனக்குத் தெரியாமல் போயிற்று.

சனிக்கிழமை புளூ லகூனிலிருந்து பாலிட்டோ போய்த் திரும்பினேன். இன்று ஹில்கிரெஸ்ட், போத்தாஸ் ஹில், இஞ்சாங்கா வரைக்கும் ஏறிவிட்டு வந்தேன். இறக்கத்தில் வண்டி கையில் நிற்கிறது. சொரசொரப்பான இடத்தில் முன்பு தோள் வலிக்கும், இன்று அந்த வலி தெரியவில்லை. காலையில் அடித்த 88, வந்து பார்த்தபோதும் 87. பஞ்சர் இல்லை. வழியில் ஒருவர் முன் பின் டயர் வேறு அளவாக இருக்கிறதே என்று நிறுத்திக் கேட்டார். ரிம்மை அளந்த கதையைச் சொன்னேன், அவருடைய வண்டியையும் அங்கேயே அளக்கப் பார்த்தோம். நான் இப்போது வெர்னியரைப் பையில் வைத்திருக்கிறேன்.

ஐயா, மீதி 28 டயர் ஒன்று புதிதாகக் கிடக்கிறது. அதை என்ன செய்யலாம்?

பழைய ஸ்போக்கு – ஞாயிறு, மதியம் 12:10

முன்சக்கரத்துக்கு அடுத்த டயர் அதுதான். வெயில் படாமல், மின்மோட்டார் இல்லாத அறையில் வையுங்கள். மோட்டார் பொறியில் வரும் ஓசோன் ரப்பரில் வெடிப்பு விழ வைக்கும். ஆணியில் மாட்டாதீர்கள், ஒரே இடத்தில் மடிந்துவிடும்.

முன் ரிம்மின் டேப்பையும் பார்த்தீர்களா? அதையும் அதே ஆள்தான் ஒட்டியிருப்பார்.

கடலோரச் சக்கரம் – ஞாயிறு, மதியம் 12:31

இல்லை ஐயா, பார்க்கவில்லை. சாப்பிட்டுவிட்டுக் கழற்றுகிறேன்.